இரண்டு விரல் ஜன்னல்

கரி சரியாகப் பற்றிக்கொண்டதா என்பதை அதோரா கண்ணால் பார்ப்பதில்லை, மூக்கால் பார்ப்பாள். பிற்பகல் மூன்றரை மணிக்குச் செம்புத் தட்டை வாசற்படியில் வைத்து, ஒலிவச் சுள்ளிக்கரியைக் குவித்து, உச்சியில் எண்ணெயில் நனைத்த பழந்துணியைச் செருகித் தீ வைத்தாயிற்று. இனிப் புல் விசிறியால் விசிறிக்கொண்டு தெருவை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். விசிறும்போது வலது தோள் மட்டும் ஆடும். மற்ற உடம்பு மூன்று கம்பளிச் சட்டைகளுக்கும் ஓர் ஆண்பிள்ளைக் கோட்டுக்கும் உள்ளே அசையாமல் நிற்கும்.

"இன்னும் வெளுக்கலயா?" என்பார் கரி விற்கும் எலியாஸ், தன் மோட்டார் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே.

"நீ குடுத்த கரி உன்ன மாதிரியே சோம்பேறி. உள்ள இன்னும் கருப்பா கெடக்கு."

"எடுத்துக்கிட்டு உள்ள போம்மா. கை விறைச்சிடும்."

"கருப்பு இருக்கற வரைக்கும் அது தெருவுக்குச் சொந்தம். வெளுத்தாத்தான் என் வீட்டுக்குள்ள வரும்."

தினமும் இதே பேச்சுத்தான். கரியின் கருப்பு முழுவதும் போய், மேலே சாம்பல் பூத்த பிறகுதான் கணப்பை உள்ளே கொண்டுபோக வேண்டும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். கருப்பு மிச்சமிருந்தால் கரிக்காற்று வரும். அது கண்ணில் படாது, சத்தம் போடாது. முதலில் தலையை லேசாக வலிக்க வைக்கும், பிறகு தூங்க வைக்கும்.

ஸ்பெயினின் தென்பகுதி என்றாலே வெயில் என்று நினைப்பவர்கள் ஜனவரியில் பாசாவுக்கு வந்து, சான் ரோக்கே தெருவில் ஒரு வாடகை வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். அதோரா இருக்கும் கீழ்த்தளத்தின் சுவர்கள் ஒரு முழத் தடிமன். நவம்பரில் உள்ளே வாங்கிய குளிரை ஏப்ரல் வரை வெளியே விடுவதில்லை. சூடேற்றும் குழாய் என்ற பேச்சே அந்த வீட்டில் கிடையாது. வீட்டுக்காரர் ஆன்செல்மோ மாதம் ஒருமுறை வருவார். கையுறையைக் கழற்றாமல், கோட்டின் பொத்தானை அவிழ்க்காமல் நடுவீட்டில் நின்று, "வீடு நல்லாக் கதகதன்னு இருக்கும்மா" என்பார். சொல்லும்போது வாயிலிருந்து ஆவி வரும்.

குளிர்காலத்தில் அதோரா ஓர் அறையில்தான் வாழ்கிறாள். அடுத்த அறையைச் சாத்தி, கதவின் அடியில் மணல் நிரப்பிய கால்சட்டைக் கால் ஒன்றைக் கிடத்தி வைத்திருக்கிறாள். அந்த அறையில் எதையாவது தேட வேண்டியிருந்தால், "மே மாசம் பாத்துக்கலாம்" என்பாள். காலை எட்டிலிருந்து இரண்டு வரை சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை. ஊரிலேயே சூடான இடம் அதுதான். கிளம்பும்போது, சோம்புச் சாராயம் வந்த கண்ணாடி பாட்டிலில் கடைக் கொதிகலனின் வெந்நீரைப் பிடித்துக் கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்து வருவாள். புதிதாக வந்த பாதிரியார் அதைப் பார்த்துவிட்டு, பாவமன்னிப்புக்கு வரும்படி இரண்டு முறை ஆள் அனுப்பினார். "அவரும் ஒரு பாட்டில் கேக்கறாரோ என்னவோ" என்று சொல்லிவிட்டாள்.

அறையின் நடுவில் வட்ட மேசை. அடியில் ஒரு மரப்பலகை, பலகையில் ஒரு வட்ட ஓட்டை, அந்த ஓட்டையில் கணப்புத் தட்டு உட்காரும். மேசைக்குத் தடித்த கம்பளியில் பாவாடை தைத்துத் தரை வரை தொங்கவிட்டிருக்கும். சுற்றிலும் நாற்காலி போட்டு, அந்தப் பாவாடையை எடுத்து மடிமேல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே மே மாதம், மேலே ஜனவரி. வருடக்கணக்கில் அப்படிக் குளிர் காய்ந்தவர்களின் முன்னங்காலில் செம்பழுப்பு வலைபோல் ஒரு தடம் விழும். ஊரார் அதை ஆட்டுக்குட்டி என்பார்கள். கோடையில் கடைத்தெருவில் அதோராவின் கால்களைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால், "என் ஆட்டுக்குட்டிங்க. முப்பது வருஷமா மேய்க்கறேன்" என்று பாவாடையை இன்னும் கொஞ்சம் தூக்கிக் காட்டிவிட்டுப் போவாள்.

கணப்பு உள்ளே வந்ததும் அவள் செய்யும் முதல் வேலை ஜன்னல். இடது கதவைத் திறந்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சந்தில் விட்டு அளந்து, அந்த அகலத்தில் ஒரு மரத்துண்டை நிறுத்துவாள். அந்த இரண்டு விரல் சந்துக்காக அவளுக்கும் அவள் அக்கா பெனிதாவுக்கும் நடந்த சண்டை அந்தத் தெருவுக்கே தெரிந்த கதை. இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தொரு வருடம் அந்த வீட்டில் ஒன்றாகக் குடியிருந்தார்கள். பெனிதாவுக்கு எப்போதும் குளிர். அவள் நாற்காலிக்கு நேர் பின்னால்தான் ஜன்னல்.

"சாத்துடி. முதுகுல கத்தி வச்ச மாதிரி இருக்கு."

"ரெண்டு விரல்."

"ஒரு விரல் போதாதா? ரெண்டு விரல் வச்சுத்தான் ஆகணும்னு பைபிள்ல எழுதியிருக்கா?"

"உயிரோட இருந்து என்கூடச் சண்டை போடணும்னா ரெண்டு விரல்."

பெனிதா பதிலுக்குத் தன் குளிர்ந்த பாதத்தைப் பாவாடைக்கு அடியில் தங்கையின் பாதத்தின்மேல் ஏற்றி வைத்துவிடுவாள். கணப்புக்கு ஒரு சாண் தூரத்திலும் அந்தப் பாதம் மட்டும் மீன்கடைப் பலகைபோல் சில்லென்று இருக்கும். அதோரா உதறிவிடுவாள். திரும்பவும் வரும். சாயங்காலம் முழுக்க இதே வேலையாகப் போகும்.

தணல்மேல் சாம்பல் மூடினால் சூடு குறையும். அப்போது யாராவது பாவாடையைத் தூக்கி, சின்னப் பித்தளைக் கரண்டியால் சாம்பலை மெல்லக் கீறி, அடியில் இருக்கும் சிவப்பை வெளியே காட்ட வேண்டும். அங்கே இதைக் கையெழுத்துப் போடுவது என்பார்கள். வந்த விருந்தாளிக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் கரண்டியை நீட்டி, "ஒரு கையெழுத்துப் போடுங்க" என்பார்கள். ஆளுக்கு ஒரு பாணி உண்டு. அதோரா நேர்கோடாக ஒரே இழுப்பு இழுப்பாள். பெனிதா இடமிருந்து வலமாக வளைத்துக்கொண்டு போய், கடைசியில் ஒரு சின்ன வால் சுழிப்பாள். அந்த வாலுக்காகவும் கேலி உண்டு.

பெனிதாவின் நாற்காலி இப்போதும் ஜன்னலுக்கு முதுகு காட்டி அதே இடத்தில் இருக்கிறது. இரண்டு வருடமாக அதில் யாரும் உட்காருவதில்லை.

சென்ற செப்டம்பரில் மாடிக்குக் குடிவந்தவள் கசில்தா. நாற்பதைத் தாண்டியவள், மருந்துக் கடையில் வேலை, கடற்கரை ஊர்க்காரி. குளிர் என்றால் சட்டைமேல் இன்னொரு சட்டை என்றுதான் அவளுக்குத் தெரியும். நவம்பர் முதல் வாரத்திலேயே கோட்டோடு படுக்க ஆரம்பித்து, இரண்டாம் வாரத்தில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். மாடித் தரை பழைய பலகை. பலகைகளுக்கு நடுவே பென்சில் நுழையும் இடைவெளி. கீழே அதோராவின் வட்ட மேசை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே தரை லேசாக வெதுவெதுப்பாக இருந்தது. கட்டிலை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என் சூட்டைத் திருடறியா?" என்று அதோரா படியில் வழிமறித்துக் கேட்டாள்.

"உங்களுக்கு மிஞ்சினதுதானே அக்கா மேல வருது."

"மிஞ்சினதுக்கும் ஒரு மரியாதை வேணாமா? ஞாயித்துக்கிழமை ஏதாவது பலகாரம் பண்ணினா கீழ கொண்டு வா."

அப்படித்தான் இருவருக்கும் பழக்கம் ஆயிற்று. கசில்தா ஞாயிறுகளில் சோம்பு போட்ட வளையப் பலகாரம் கொண்டு வருவாள். சிலமுறை அதோராவின் பூண்டுக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் போவாள். டிசம்பர் நடுவில் ஒருநாள், கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே அவள் சாதாரணமாகக் கேட்டாள்:

"வியாழக்கிழமை யாராவது வந்திருந்தாங்களா அக்கா?"

"இல்லயே. ஏன்?"

"ரெண்டு பேர் பேசற மாதிரி கேட்டுச்சு. ஒண்ணு உங்க குரல். இன்னொண்ணு கொஞ்சம் கரகரன்னு."

அதோரா கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். பிழிய அதில் தண்ணீர் இல்லை. அந்த இன்னொரு குரல் என்ன சொன்னது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, பயமாக இருந்தது, கேட்கவில்லை. "ரேடியோவா இருக்கும்" என்றாள். அந்த வீட்டில் ரேடியோ பழுதாகி நான்கு வருடம் ஆகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஜனவரி பதினாறு, வனத்து அந்தோனியார் திருநாளுக்கு முந்தின மாலை. அன்றைக்குத் தெருவுக்குத் தெரு சொக்கப்பனை கொளுத்துவார்கள். பழைய நாற்காலி, திராட்சைக் கட்டை, ஒலிவ வேர் எல்லாம் எரியும். தீ தணிந்த பிறகு வீட்டுக்கு ஒரு தட்டுத் தணல் அள்ளிக்கொண்டு போகலாம், இலவசம். பொறுமைக்காரர்கள் அது முழுவதும் வெளுக்கும் வரை நிற்பார்கள். பெனிதா இருமலோடு உள்ளே உட்கார்ந்திருந்தாள். அதோராவுக்குப் பொறுக்கவில்லை. சூரியன் மறையும் நேரத்திலேயே ஒலிவ வேர்த் தணலை அள்ளினாள். மேலே நன்றாக வெளுத்திருந்தது. அடியைப் பார்க்கவில்லை. வருடம் முழுக்க அடியைப் பார்த்தவள் அன்றைக்கு ஓசிக் கணப்பு என்ற சந்தோஷத்தில் பார்க்கவில்லை.

தெருவெல்லாம் புகை. ஜன்னலைத் திறந்தால் அவ்வளவு புகையும் அக்காவின் இருமலுக்குள் போகும். அதனால் சாத்தினாள். இரண்டு கதவையும் சேர்த்துக் கொக்கி போட்டாள்.

"இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு" என்றாள் பெனிதா. "ஒரு நாளாவது சாத்தினியே."

அதோரா தொத்திறைச்சி சுடத் தெருவுக்குப் போனாள். யாரோ ஒயின் கொடுத்தார்கள், யாரோ பேச்சுக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது பெனிதா மேசைமேல் கையை மடித்து, அதன்மேல் கன்னத்தை வைத்துத் தூங்குவதுபோல் இருந்தாள். கன்னங்கள் நல்ல ரோஜா நிறம். உதடும் அப்படியே. அவ்வளவு நல்ல நிறத்தில் பெனிதாவை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அதோரா முதலில் ஜன்னலைத் திறந்தாள், பிறகுதான் கத்தினாள். அக்கம்பக்கத்தார் ஓடி வந்தபோது அறையில் நல்ல காற்று இருந்தது. அறுபத்தேழு வயது, இருமல், குளிர், இதயம் என்று டாக்டர் எழுதினார். அதோரா வாயைத் திறக்கவில்லை.

அந்த மிச்சக் குளிர்காலம் கணப்பே இல்லாமல் கழிந்தது. அடுத்த டிசம்பரில் கை விரல்கள் வெடித்து, இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்க முடியாமல் போனபோது மறுபடி தட்டை எடுத்தாள். இரண்டு விரலை அளந்து திறந்து வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் காற்று மரத்துண்டைத் தட்டிவிட்டு ஜன்னலை ஒரு விரலுக்குக் குறைத்தது. அவள் கவனிக்கவில்லை. கம்பளியில் பின்னலூசி ஓட்டிக்கொண்டிருந்தாள். காலுறையோடு காலுறை உரசும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு பாவாடைக்கு அடியில் ஒரு பாதம் வந்து அவள் பாதத்தின்மேல் ஏறியது.

அந்தப் பாதம் சூடாக இருந்தது. செத்த பிறகுதான் பெனிதாவின் கால் சூடாயிற்று. அதோரா உதறவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு ஜன்னல் ஒரு கணக்காகிவிட்டது. இரண்டு விரல் திறந்திருந்தால் பெனிதா இல்லை. ஒரு விரலில் பாதம் வரும். அரை விரலில் குரல் வரும், ஆனால் அடுத்த அறையில் யாரோ வாயில் துணி வைத்துக்கொண்டு பேசுவதுபோல் சொல் பிரியாது. இன்னும் கொஞ்சம் சாத்தினால் பிரியும் என்று தோன்றும். மறுநாள் காலையில் தலை கனக்கும். ஆறிய சாம்பலைக் கொட்டப் போனால் அதில் கரண்டி கீறிய கோட்டின் முனையில் ஒரு சின்ன வால் சுழித்திருக்கும். அதோராவுக்கு வால் போடத் தெரியாது.

இது கரிக்காற்றின் வேலை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். கசில்தாவைவிட நன்றாகத் தெரியும். ஆனால் ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அக்கா திட்டுகிறாளா, இல்லையா. அதற்காக வாரம் ஒருநாள், பிறகு இரண்டு நாள் என்று அரை விரலிலிருந்து கால் விரலுக்கு வந்துகொண்டிருந்தாள். அக்காவிடம் அவள் பேசுவது எப்போதும் ஒன்றுதான்: மன்னிச்சிடு, நான் அடியைப் பாக்கல, மன்னிச்சிடு.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு கசில்தா தலைவலி என்று சொல்ல ஆரம்பித்தாள். கட்டிலில் படுத்தால் வலிக்கிறது, கடையில் நின்றால் சரியாகிவிடுகிறது. மருந்துக் கடைக்காரி, கூட்டிப் பார்த்துவிட்டாள். ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து அதோராவின் சுவரில் மாட்டினாள். கரிக்காற்று சேர்ந்தால் அது கத்தும்.

"எனக்கு எதுக்குடி இது? முப்பது வருஷமா மூக்கு இருக்கு."

"உங்க மூக்குக்கு இந்தக் காத்து தெரியாது அக்கா. யார் மூக்குக்கும் தெரியாது. எனக்காக இருக்கட்டும். மிஞ்சினது மேலதானே வருது?"

பெட்டி முதல் வியாழனே கத்தியது. தெருவில் போன நாய்கூடக் குரைத்தது. பாதம் சட்டென்று விலகிவிட்டது. அதோரா நாற்காலிமேல் ஏறி, பெட்டியைத் திறந்து பேட்டரியை உருவி, பொத்தான் டப்பாவுக்குள் போட்டாள். பெட்டியை மட்டும் பார்வைக்கு மறுபடி மாட்டினாள். கசில்தா கேட்டபோது, "நல்ல பிள்ளை, வாயே தெறக்கறதில்ல" என்றாள். சொன்ன பிறகு அவமானமாக இருந்தது. ஆனாலும் பேட்டரி டப்பாவிலேயே கிடந்தது.

இந்த வருடம் ஜனவரி பதினாறு வந்தது. நான்கு மணியிலிருந்து தெருவில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதோரா அன்றைக்கு எலியாஸோடு பேசவில்லை. கரி பாதி வெளுத்ததும் தட்டை உள்ளே எடுத்துவந்துவிட்டாள். ஜன்னலை முழுக்கச் சாத்தினாள். கொக்கி போட்டாள். இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று இருந்தாள்.

ஆறு மணி இருக்கும். கதவைத் தட்டாமல் கசில்தா உள்ளே வந்தாள். கையில் பலகாரத் தட்டு, முகம் சோர்ந்திருந்தது.

"மேல இருக்க முடியல அக்கா. தலை வெடிக்குது. கொஞ்ச நேரம் உங்ககூட உக்காந்துக்கறேன்."

"சொக்கப்பனை பாக்கப் போயேன். காத்தாட இருக்கும்."

"இந்தக் குளிர்லயா? என்னால ஆகாது." அவள் அதற்குள் பெனிதாவின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாவாடையை மடிமேல் இழுத்துக்கொண்டுவிட்டாள்.

அனுப்பிவிட வேண்டும் என்று அதோராவுக்குத் தோன்றியது. ஒரு வாய் காபி கொடுத்து அனுப்பிவிடலாம் என்று எழுந்தாள். எழுந்தபோது முழங்கால் அவளுடையதாக இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அலமாரி வரை போனாள். பின்னால் கசில்தா கரண்டியால் சாம்பலைக் கீறும் சத்தம் கேட்டது. பார்லிக் காபியைக் கிண்ணத்தில் ஊற்றினாள்.

"காலை எடுங்க அக்கா" என்றாள் கசில்தா, தூக்கக் கலக்கத்தில். "கனமா இருக்கு."

அதோரா அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மேசைக்கும் அவளுக்கும் நடுவில் நான்கு எட்டுத் தூரம் இருந்தது.

"எந்தக் கால்?"

"உங்க கால்தான். என் கால்மேல வச்சிருக்கீங்களே. நல்லாச் சூடா இருக்கு. சரி, இருக்கட்டும்."

இரண்டு வருடத்தில் முதல்முறையாக அதோராவுக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சு நிறைந்து, கண் நிறைந்து வந்தது. பைத்தியம் இல்லை, கனவு இல்லை, அக்கா வந்திருக்கிறாள், இன்னொருத்திக்கும் தெரிகிறது. சொல்லிவிடலாம் என்று திரும்பினாள். கசில்தா மேசைமேல் கையை மடித்து, அதன்மேல் கன்னத்தைச் சாய்த்திருந்தாள். காலையில் கடைக்குப் போகும்போது எலுமிச்சைத் தோல்போல் வெளுத்திருந்த அந்தக் கன்னம் இப்போது ரோஜா நிறமாக இருந்தது. நல்ல நிறம். அதோரா அந்த நிறத்தை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

கிண்ணம் கீழே விழுந்தது. ஜன்னலுக்கு எப்படிப் போனாள் என்பது அவளுக்கு ஞாபகம் இல்லை. கொக்கி இறுகியிருந்தது, உள்ளங்கையால் குத்தித் திறந்தாள். இரண்டு கதவும் சுவரில் மோதின. மேசையைத் தள்ளி, பாவாடையை உயர்த்தி, கணப்புத் தட்டை வெறுங்கையால் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் கொட்டினாள். திரும்பி வந்து கசில்தாவின் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். வாசல் தாண்டும்போது அவளே கீழே விழுந்தாள். சொக்கப்பனை பக்கம் நின்ற எலியாஸ் ஓடி வந்து இருவரையும் படியில் உட்கார வைத்துவிட்டு, வண்டியை எடுக்கப் போனார்.

கசில்தா வாந்தி எடுத்தாள். பிறகு குளிர்ந்த காற்றை மிடறு மிடறாகக் குடித்தாள். அதோரா பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

"ரெண்டு வருஷம் முன்னாடி இதே நாள்ல நான்தான் சாத்தினேன். என் அக்காவ நான்தான் கொன்னேன். இதயம்னு எழுதினாங்க, நான் வாயத் தெறக்கல. உன் பெட்டியோட பேட்டரியயும் நான்தான் உருவினேன். அவகிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். உன்னையும் கொன்னிருப்பேன்."

கசில்தா வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கோபம் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குக் கோபப்பட எல்லா நியாயமும் இருந்தது.

"பேட்டரி விஷயத்துக்கு உங்ககிட்ட அப்புறம் பேசறேன்" என்றாள் கடைசியில். "மத்தது பாதி தெரியும். நீங்க மன்னிச்சிடு மன்னிச்சிடுன்னு சொல்றது பலகை வழியா மேல கேக்கும்."

"அவ பேசறதும் கேக்குமா?"

"கேக்கும்."

அதோரா அவள் கையைப் பிடித்தாள். "எனக்கு வார்த்தை பிரியல. எவ்வளவு சாத்தினாலும் பிரியல. திட்டறாளா?"

"இல்லயே. ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்பச் சொல்லுவாங்க. தெறடி, ஜன்னலைத் தெறடின்னு."

"பெனிதாவா? அவ அப்படிச் சொல்ற ஆளே இல்ல. பொறந்ததுலேந்து சாத்தச் சொன்னவ அவ."

"என்ன கேட்டுச்சோ அதைத்தான் சொல்றேன்."

எலியாஸின் வண்டி வந்து நின்றது. சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். கசில்தாவை முன்னிருக்கையில் ஏற்றினார். "நீயும் ஏறும்மா. நீயும்தானே அதைக் குடிச்சிருக்க" என்றார்.

"வீடு தெறந்து கெடக்கு. ரெண்டு நிமிஷம்."

"தெறந்தே கெடக்கட்டும். என்ன இருக்கு உள்ள?"

அதோரா உள்ளே போனாள். ஜன்னல் வழியாகத் தெருவின் குளிர் முழுவதும் அறைக்குள் வந்திருந்தது. சொக்கப்பனையின் வெளிச்சம் சுவரில் ஏறி இறங்கியது. பொத்தான் டப்பாவைக் கவிழ்த்துப் பேட்டரியை எடுத்து, கொப்பளித்த விரல்களால் வெள்ளைப் பெட்டிக்குள் செருகினாள். ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. பெட்டி கத்தவில்லை.

வெளியே எலியாஸ் ஹாரன் அடித்தார்.

அவள் மேசைப் பக்கம் வந்தாள். தன் நாற்காலிப் பக்கத்துப் பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள், ஈரத் துணிபோல் சில்லிட்டிருந்தது. கசில்தா உட்கார்ந்திருந்த பக்கமும் அப்படித்தான். ஜன்னலுக்கு முதுகு காட்டும் பக்கம் மட்டும் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதோரா ஜன்னலைப் பார்த்தாள். கதவுகள் இரண்டும் அகலத் திறந்து காற்றில் ஆடின. அவற்றைத் தொடாமல், குனிந்து, அந்தப் பக்கத்துப் பாவாடையை எடுத்து, யாரும் இல்லாத நாற்காலியின்மேல் மடி இருக்கும் உயரத்துக்கு இழுத்துப் போர்த்தி, காற்று புகாதபடி இரண்டு ஓரத்தையும் அடியில் செருகிவிட்டாள்.